ஆறும்போது

நெல்லுமியில் பாதிகூட இராது.
குறுவை அறுப்பு, புரட்டாசிக் கடைசி.
அறுப்பு மெஷினின் செயின் பின் இறுகிக் கிடந்தது.
தட்டினேன். பின் அசையவில்லை,
சுத்தியலின் விளிம்புதான் தெறித்தது.
போட்டிருக்க வேண்டிய கண்ணாடி
டிரைவர் சீட்டுக்கு மேலே கொக்கியில் ஆடியது.

வலி என்று சொல்ல முடியாது.
சூடாக ஒரு சொட்டு.
நீடாமங்கலம் கேட்டில் சரக்கு ரயிலுக்காக
நாற்பது நிமிஷம்.
பைக் ஓட்டிய ஹாஜா மைதீன் திரும்பித் திரும்பிச் சொன்னான்:
துண்டை வச்சு அழுத்தாதடா.

தஞ்சாவூரில் அன்றிரவே தையல்.
காந்தம் வைத்து இரும்பை எடுத்து
மருந்துப் புட்டியில் போட்டுக் கொடுத்தார்கள்.
நான்காம் வாரம் போர்டில் ஐந்து வரி படித்தேன்.
ஷெட்டுக்குத் திரும்பினேன்.
புண் ஆறிவிட்டது என்று சகாயமேரி
பூண்டி மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தாள்.

ஆறியதுதான் வினை.

கண்ணுக்குள் வெள்ளைக்கரு மாதிரி ஒரு கூழ்.
இரும்பு போன வழியில் பிதுங்கிய அதன் ஓர் இழை
காயத்தின் வாயில் சிக்கிக்கொண்டதாம்.
அடைக்க வந்த சதை
வாசலோடு நிற்கவில்லை,
தேங்கிய ரத்தத்தில் கால் நனைத்து
இழையைப் பிடித்தபடி உள்ளே நடந்தது.
நார் நாராய் முறுக்கேறியது.
நனைந்த கயிறு காயும்போது எப்படி இறுகும்,
எனக்கு அதைச் சொல்லித்தர வேண்டாம்.
ஒரு முனை தழும்பில்.
மறு முனை விழித்திரையில்.

முதலில் ஒட்டடை. கண் போன பக்கமெல்லாம் கூட வந்தது.
பிறகு ராத்திரியில் மின்னல்.
ஐப்பசி, பக்கத்து ஊரில் மழை என்று நினைத்தேன்.
மேரி, இடி கேட்டுச்சா?
இல்லையே.

மூன்றாம் நாள் நல்ல கண்ணைப் பொத்திப் பார்த்தேன்:
வாசலில் நின்றவளுக்குப் பாதம் இல்லை.
கடைமடைக்கு வரும் தண்ணீர்போல
அவசரமில்லாமல் ஏறியது நிழல்.
மறுநாள் முழங்கால். அடுத்த நாள் இடுப்பு.
மூக்குத்திவரை வரும்முன் பஸ் ஏறினோம்.

"கீழேயிருந்து ஏறுது டாக்டர்."
"மேலேதான் உரியுது. கண்ணுக்குள்ள எல்லாம் தலைகீழ்"
என்றார் நப்பின்னை டாக்டர்,
இழுத்த இழுப்பில் திரை கிழிந்து
கிழிசல் வழியே நீர் புகுந்துவிட்டதாம் அடியில்.
நாற்று நட்ட வயலில், நாலு நாள் வெயிலுக்குப் பிறகு
பாசி சேற்றை விட்டுப் பாயாய் எழும்புமே,
அடியில் தண்ணீர் நின்று.
அதுதான் என்றேன். அவர் நாகப்பட்டினத்துக்காரர்,
தலையாட்டினார்.

நார்களை வெட்டி, திரையைப் படியவைத்து
எண்ணெய் நிரப்பினார்கள்.
எண்ணெய் மிதக்கும். மிதந்து முதுகுச்சுவரை அழுத்த
நான் குப்புறக் கிடக்க வேண்டும், பத்து நாள்.

சிமெண்டுத் தரையில் ஒரு விரிசல்,
வரிசையாய் எறும்பு.
மெஷின் ஓனர் வந்து இரண்டாயிரம் வைத்தார்,
பார்த்தது அவருடைய செருப்பை மட்டும்.
எவ்வளவு வரும் என்று கேட்டால்
டாக்டர் 'பார்ப்போம்' என்கிறார்.
அந்தச் சொல்லைத்தான் சொல்கிறார்.

இன்று கார்த்திகை மழை.
தரை ஒரு நொடி வெளுத்தது.
நெற்றியைத் தலையணையில் புதைத்து எண்ணினேன்:
ஒன்று, இரண்டு, மூன்று,
நான்கு.

மேரி, கேட்டுச்சா?
கேட்டுச்சு, என்றாள். அசையாதே.