இருபத்தெட்டு நாள்

வீட்டு வாடகைக்கு வருஷத்தில் பன்னிரண்டு மாதம்.
பால்காரருக்கும் அப்படித்தான்.
இந்தப் போனுக்கு மட்டும் பதிமூன்று.
இருபத்தெட்டாம் நாளே மாதத்தை முடித்துவிட்டுக்
கை நீட்டுகிறது,
சம்பளத் தேதி என்று ஒன்றில்லாத என்னிடம்.

நான் பந்தி பரிமாறுகிறவள்.
முகூர்த்தம் இருந்தால் ஐந்நூறு,
இல்லாவிட்டால் இல்லை.
ஆடியில் யாரும் தாலி கட்டுவதில்லை.
திருப்பரங்குன்றத்து மண்டப அடுப்புகளும்
ஜெய்ஹிந்த்புரத்தில் என் அடுப்பும்
ஆடி முழுக்க
ஒன்றாகவே தூங்கின.

முதலில், நான் கூப்பிடுவது நின்றது.
ஊமையாக இருப்பது அத்தனை சிரமமில்லை,
சொல்வதற்கு என்ன இருக்கிறது.
எட்டாம் நாள்
என்னைக் கூப்பிடுவதும் நின்றது.
யார் அடித்தாலும்
ஒரு பெண் குரல் குறுக்கே வந்து
மரியாதையாக ஏதோ சொல்கிறதாம்.
ஒச்சம்மாதான் வந்து சொன்னாள்:
"நம்ம வறுமைய மூணு பாஷையில சொல்றாக்கா அவ."

மருதுவுக்கு வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில் வரும்.
மேல்வீட்டுப் பர்வீன்
ராத்திரி எட்டு மணிக்குக் கால்மணி நேரம்
ஹாட்ஸ்பாட் போட்டுவிடுவாள்.
மாடிப்படியில் மூன்றாவது படிவரைதான் அது இறங்கும்.
ஒன்பதாம் வகுப்பு அறிவியல்
அந்தப் படியில்தான் நடந்தது.
பாஸ்வேர்டு, அவள் மகள் பிறந்த தேதி.
அந்தத் தேதி வந்தபோது
நான் சொல்லாமலே மருது
ஒரு தேன்மிட்டாய்ப் பொட்டலம் வாங்கிக்கொண்டு
மேலே போய்விட்டு வந்தான்.
காசு ஏதென்று நான் கேட்கவில்லை.

ஆவணி முதல் முகூர்த்தம் வியாழக்கிழமை
என்றது காலண்டர்.
(காலண்டருக்கு வேலிடிட்டி ஒரு வருஷம்.)
சோணைமுத்து அண்ணன்
முந்தின ராத்திரி ஒன்பதுக்கு மேல்தான் ஆள் எண்ணுவார்.
எடுக்கிறவர்களுக்கு வேலை.
பர்வீன் போனில் இரண்டு தடவை அடித்துப் பார்த்தேன்.
தெரியாத நம்பரை அவர் எடுப்பதில்லை.
அவருக்கும் யாரிடமோ கடன் இருக்கிறது.

மூன்று மணிக்குக் கிளம்பினேன்.
பழங்காநத்தம். பைக்காரா.
மூலக்கரையில் நாய்கள்.
டார்ச் அடித்துக்கொண்டே நடந்தேன்.
டார்ச்சுக்கு ரீசார்ஜ் வேண்டாம்.
பசுமலை ஏற்றத்தில் ஒரு பால் வண்டி நின்று
ஏத்திக்கிடவா என்றது.
வேண்டாம் என்றேன், ஏனோ.

"நாலு தடவ அடிச்சேன்.
அந்தப் பொம்பளதான் பேசுறா.
மேலூர்ப் பிள்ளைக்குச் சொல்லிட்டேன் தாயி,
கோவிச்சுக்காத."
கோபிக்கவில்லை.
உப்புக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு
இலை இலையாக ஓரத்தில் வைக்க ஆரம்பித்தேன்.
உப்பு வைக்கிறவளை
யாரும் நிறுத்துவதில்லை.
மூன்றாம் பந்தியில் ரசவாளி கைக்கு வந்தது.
சாயங்காலம் முந்நூறு.
சட்டப்படி அவர் தரவேண்டியதில்லை.

பழங்காநத்தம் கடையில்
நூற்றுத் தொண்ணூற்றொன்பதை எண்ணி வைத்தேன்.
அரிசிக்கு நூற்றொன்று.
"நம்பர் சொல்லுங்கக்கா" என்றான் பையன்.
வாய் வரவில்லை.
என்னை நானே
ஒருநாளும் கூப்பிட்டதில்லையே.
போனைத் தடவித் தேடிச் சொன்னேன்.

உடனே குலுங்க ஆரம்பித்தது.
சோணைமுத்து, சோணைமுத்து, சோணைமுத்து, சோணைமுத்து.
குழுக்கடன் சரஸ்வதி அக்கா, ஏழு.
காலர் டியூன் வைக்கச் சொல்லி ஒரு செய்தி.

கையில் இருக்கும்போதே மணி அடித்தது.
தெரியாத நம்பர்.
வசூல் ஆளாக இருக்கலாம்.
முந்தாநாள் ராத்திரி
சோணைமுத்து கையிலும்
ஒரு தெரியாத நம்பர் இப்படித்தான்
அடித்து அடித்து நின்றிருக்கும்,
அது நான்.

கடைப் பையன் பார்த்துக்கொண்டிருந்தான்.
பச்சையை இழுத்தேன்.