வைக்கோல் வேண்டாம்

கடைக்காரர் விசிறியாய் விரித்த அட்டையில்
ஒரே நிறம்
நாற்பத்திரண்டு பெயரோடு கிடந்தது.
ஓட்ஸ். பாதாம் பால். பாலைவனத் தூசு.
லினன். ஈரக்களி. வைக்கோல்.

வைக்கோல் வேண்டாம் என்றேன் உடனே.
பெரியாஸ்பத்திரி ஆய்வுகூடத்தில்
பதினொரு வருடமாய்
சிறுநீர்க் குப்பிகளை வெளிச்சத்துக்குத் தூக்கி
‘நிறம்: வைக்கோல்’ என்று எழுதுகிற கை இது.
வீட்டுக்கு வந்தும்
அறிக்கைக்குள் படுக்க ஏலாது.

கடைக்காரர் சிரிக்கவில்லை.
ஆணி வாங்க மூன்று பேர் பின்னால் நின்றார்கள்.

ஜவ்பர் நானா கிண்ணியாவிலிருந்து
ஏழு மணிக்கே பாலம் தாண்டி வந்துவிடுவார்.
சுவரைத் தட்டிப் பார்த்துத்தான் வாய் திறப்பார்,
வயிற்றைத் தட்டுகிற டொக்டர் மாதிரி.
“உப்பு ஏறியிருக்கு மிஸ்.
சுரண்டாம எதப் பூசினாலும்
மாரிக்கு முந்தி உரிஞ்சிரும்.”

சுரண்டினார்.
வெள்ளைக்குக் கீழே நீலம்.
நீலத்துக்குக் கீழே
இருமல் பாணி மாதிரி ஒரு ரோஸ்.
ரோஸின் மேல் பென்சிலால் கணக்கு:
சீமெந்து 14, மணல் அரை லோட், பாக்கி 2,350.
யார் யாருக்குப் பாக்கியோ.
யன்னலுக்குப் பக்கத்தில்
பெருவிரல் நுழையும் குழி ஒன்று,
எப்போதோ யாரோ அவசரமாய் அடைத்தது.
நானா அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.
புதுக் கலவை கொஞ்சம் எடுத்து
அழுத்தித் தேய்த்தார்,
மற்ற இடங்களுக்கு ஒரு தரம்,
அதற்கு இரண்டு.

நான்கு சதுரம் பூசி வைத்துப் பார்த்தேன்.
காலை ஆறரைக்கு உப்புவெளிக் கடல்
யன்னலால் உள்ளே வந்து
நாலையும் வெட்கப்பட வைத்தது.
பன்னிரண்டுக்கு நாலும் ஒன்று,
என்னத்துக்கு இவ்வளவு யோசனை என்பதுபோல்.
நாலரைக்குப் பிரிந்தன:
ஒன்று கஞ்சி, ஒன்று ஒடியல் மா,
ஒன்று தேத்தண்ணி குடித்து வைத்த கோப்பையின் அடி.
நாலாவதற்குச் சொல் வரவில்லை.

தோஹாவிலிருந்து குகதாசன், வீடியோவில்:
“ஏன் சாம்பலாய் அடிக்கிறாய்?”
சாம்பல் இல்லையப்பா.
போனைத் திருப்பினேன். “இப்ப மஞ்சள்.”
லைட்டைப் போட்டேன். “இப்ப உன்ர ஆஸ்பத்திரி.”
அவர் தலைக்குப் பின்னால் தெரிந்த சுவர்
பெயர் வைக்கவும் ஆளில்லாத வெள்ளை.
எட்டுப் பேருக்கு ஒரு அறை,
ஆணி அடிக்கக்கூடாது என்று எழுதி ஒட்டியிருக்கிறதாம்.
“உனக்குப் பிடிச்சதை அடி” என்றார்.
வைக்கப் போகிற நேரம்,
“கட்டில் பக்கம் மட்டும் கொஞ்சம் இருட்டாய்.”

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து
பஸ் ஸ்டாண்டில் நிற்க,
புள்ளிமான் ஒன்று குப்பை வாளிக்குள் தலைவிட்டு
வாழைப்பழத் தோல் தின்றுகொண்டிருந்தது.
புள்ளிகள் முடிந்து
வயிற்றின் வெள்ளை தொடங்குமுன்
விரலகலத்துக்கு ஒரு நிறம்.
கைப்பையிலிருந்து அட்டையை எடுத்து
மெல்லக் கிட்டப் போய்ப் பிடித்தேன்.
நிலாவெளி பஸ்ஸில் இருந்த பொடியன் ஒருவன்
யன்னலால் எட்டிப் பார்த்தான்,
மானுக்குத் துணி எடுக்கிறேன் என்று நினைத்திருப்பான்.
இருபத்தேழாம் இலக்கம்.
என் நாலாவது சதுரம்.

இரண்டு பூச்சு முடிந்தது.
மிச்ச வாளியில் ஒரு கரண்டி கபிலம் கலந்து
நானா கட்டில் பக்கத்துக்குத் தனியாய் அடித்தார்.
“தலைமாட்டில எண்ணெய் பட்டாலும் தெரியாது” என்றார்.
ஒன்றரை வருடமாய்
அந்தத் தலையணையில் எண்ணெய் படவில்லை.
சொல்லவில்லை நான்.

இரவு அழைப்பு வந்தது.
லைட்டை அணைத்துவிட்டுப் போனைச் சுவருக்கு நேரே பிடித்தேன்.
“ஒண்டும் தெரியேல்லையே.”
வந்து பாருங்கோ என்றேன்.
மணம் மூக்கில் ஏறியது.
தொட்டுப் பார்த்தேன்,
விரலில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது.