இதர

எங்கள் மூன்று திட்டுக்கும்
யாரும் வானிலை அறிக்கை வாசிப்பதில்லை.
நானே சொல்கிறேன்.
கோரைத்திட்டு, ஆனைவாரி, வடக்கே சின்னமணல்:
கொள்ளிடம் கோபித்துக்கொண்டு பிரிந்து
கொஞ்ச தூரத்தில் சேர்ந்துகொள்ளும் இடம்.
முல்லை, கத்தரி, எண்பது வீடு.

சித்திரையில் மணல் வறுபடும்.
கொக்கு மாதிரி பாதம் தூக்கித் தூக்கி நடப்போம்.
ஆற்றில் தண்ணீர் இல்லையென்று
கடல் மேலேறி வரும்.
அடிபம்பில் உப்பு.
தேநீருக்கு வைத்த பால் திரிந்துபோகும்.

ஐப்பசி மழை கிழக்கிலிருந்து வரும்.
அது நம் மழை, சொல்லிவிட்டு வரும்.
தும்பி தாழப் பறக்கும்,
முகத்துவாரம் உறுமும்,
தார்ப்பாயை இழுத்துக் கட்ட நேரம் தரும்.

ஆடிதான் பிடிபடாது.
ரேடியோவில் வறண்ட வானிலை.
வாசலில் மிளகாய் காய்கிறது.
அதை நனைக்க ஆறு படியேறி வருகிறது,
ஒரு துளி மழை இல்லாமல்.
மேற்கே ஊரெல்லாம் பெருக்குக்குப் பூ விடுகிறார்கள்.
குற்றமில்லை, அவர்களுக்கு நடவு.
பூ மட்டும் எங்கள் முல்லை.

போன வருஷம் பள்ளிக்கூடத்து முகாமில்
ஒரு தாளை நீட்டினார்கள்.
சேதத்துக்குக் காரணம்:
மழை, புயல், இதர.
"மழைன்னு போடும்மா, சீக்கிரம் வரும்."
எப்படிப் போட?
கொடியில் காய்ந்த துணியை மடித்துக்கொண்டல்லவா
படகேறினோம்.

சின்னவன் மதியரசு
குடகில் காப்பித் தோட்டத்தில் இருக்கிறான்.
நேற்று ராத்திரி கூப்பிட்டான்.
"மூணு நாளா விடலம்மா.
உடுப்பு காயல. அட்டை கடிக்குது."
இருமினான்.
மருந்து வாங்கினியா என்று வாய் கேட்கும்போதே
விரல்கள் தாமாக மடங்கின:
கண்ணம்பாடி,
பிலிகுண்டுலு,
மேட்டூர்,
முக்கொம்பு,
அணைக்கரை.
அணைகள் நிறைந்திருந்தால் எட்டு நாள்.
நிறையாவிட்டால்
இந்த வருஷம் கத்தரிக்காய் சந்தைக்குப் போகும்.

பிள்ளை சட்டையில் பிழிந்த தண்ணீர்
ஒவ்வொரு மதகிலும் நின்று கையெழுத்து வாங்கி
என் அடுப்புக்குள் வந்து உட்காரப் போகிறது.

"இன்னும் பெய்யுதாடா?"

"பெய்யுது. ஏம்மா?"

வெளியே நிலா.
மேகம் என்று சொல்ல ஒரு பஞ்சு இல்லை.
செடியில் பிஞ்சு சுண்டுவிரல் அளவு.

"ஒண்ணுமில்ல. தலையத் துவட்டு."