இது அல்ல

ஜனவரியில் உலான்பாத்தரில் காற்றுக்கு நிறம் உண்டு.
மேட்டுச் சந்துகளில் கூடாரத்துக்கொரு புகைக்குழாய்.
ஒரு கையில் படிவம், மறு கையில் பெட்டி.
என் காலடிச் சத்தம்
நாய்களுக்குப் பழகிவிட்டது.

வெள்ளைப் பெட்டி, முழங்கால் உயரம்.
சுவிட்சைத் தட்டினால் பச்சை விளக்கு, ஓர் இரைச்சல்.
பாதிப் பெட்டிகளுக்குள் வடிகட்டி.
மீதிப் பாதியில் விசிறி மட்டும் சும்மா சுற்றும்.
எது எந்தப் பெட்டி என்று எனக்கும் தெரியாது.
தெரிந்தால் என் முகம் காட்டிக்கொடுத்துவிடுமாம்.

இருநூற்றுப் பதினேழாம் எண், உலம்பயர்,
பதினான்காம் வாரம்.
வெறும் பெட்டியாகவும் இருக்கலாம் என்று
நிறுத்தி நிறுத்திப் படித்துக் காட்டினேன்.
"இங்கே மூச்சுவிடுவதும் குலுக்கல் சீட்டுத்தானே"
என்று கையெழுத்துப் போட்டாள்.
உப்பிட்ட பால்தேநீர் ஊற்றினாள்.
அடுத்த முறை போனபோது
பெட்டிக்கு நீலத்தில் ஓர் உறை தைத்திருந்தாள்,
காற்று போகும் வாயை மட்டும் விட்டு.

அவள் அடுப்பைத் திறக்கும்போதெல்லாம்
என் மானியில் எண் எகிறும்.
நூற்றெழுபது. முந்நூறு. நானூற்று எண்பது.
திறக்காவிட்டால் வாளித் தண்ணீர் உறையும்.
இரண்டையும் அவள் அறிவாள்.
நான் ஒன்றை மட்டும் குறித்துக்கொண்டேன்.

முப்பத்திரண்டாம் வாரம்.
ஆயிரத்து அறுநூற்று நாற்பது கிராம்.
அழுதானா என்று எழுதப்
படிவத்தில் கட்டம் இல்லை.
கண்ணாடிப் பேழைக்கு இந்தப் பக்கம் நின்று
உலம்பயர் கேட்டாள்:
"என் பெட்டியில் இருந்ததா, இல்லையா?"
எனக்குத் தெரியாது என்றேன்.
உண்மைதான். அதன் பின்னால்
ஒளிந்துகொள்ளவும் வசதியாக இருந்தது.

வெறும் விசிறியைத்தான் அவளிடம் கொடுத்திருப்பேன் என்று
ஏனோ நம்பிவிட்டேன்.
இரண்டு குளிர்காலம்
ஒரு மன்னிப்பை வாய்க்குள் வைத்து நடந்தேன்.

பிறகு உறைகளைப் பிரித்தார்கள்.
எழுநூறு பெண்கள், திரையில் இரண்டு கோடுகள்,
நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி.
அதைப் பார்த்துக் கைதட்டவும் முடியவில்லை,
கைவிடவும் முடியவில்லை.
நான் தேடியது ஒரே ஓர் எண்ணை.
இருநூற்றுப் பதினேழு: வடிகட்டி இருந்தது.
அடுத்த சந்து நொமின்தாரியின் பெட்டி வெறும் பெட்டி.
அவள் மகள் நாற்பது வாரம் நிறைந்து
நாலு கிலோவில் பிறந்து
தெருவையே எழுப்பியவள்.

மன்னிப்பை எங்கே இறக்கி வைப்பது?

மேடேறிப் போய்ச் சொன்னேன்.
"அப்படியானால் அது வேலை செய்ததா?"
எழுநூறு பேருக்குக் கொஞ்சம் செய்தது என்றேன்.
"எனக்கு?"
அது இல்லாவிட்டால் முப்பதிலேயே வந்திருப்பானோ,
நாற்பதுவரை இருந்திருப்பானோ,
ஒருத்தியைப் பற்றிச் சொல்ல
எங்கள் கணக்குக்கு வாய் இல்லை.

பையன் என் பையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தான்.
அவன் பெயர் எனெபிஷ். "இது அல்ல" என்று பொருள்.
பிள்ளை பிடிக்க வரும் கெட்டது எதுவும்
இவனா என்று கேட்டால்
பெயரே பதில் சொல்லி அனுப்பிவிடுமாம்.
நாங்களும் அவனை எண்ணால்தான் மறைத்து வைத்திருந்தோம்.
யாரிடமிருந்து என்று அவள் கேட்கவில்லை.

இருட்டிவிட்டது. அக்காள் வீட்டுக்குக் கிளம்பினார்கள்.
வாசலுக்கு வருமுன்
சட்டியின் அடியைச் சுண்டுவிரலால் தொட்டு
அவன் நெற்றியில் இழுத்தாள், கண்ணேறுக்கு.
இரண்டு வருடம் நான் எடைபோட்ட அதே கரி.
வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

பெட்டி இன்னும் இரைந்துகொண்டிருந்தது.
உறையைத் தூக்கிப் பார்த்தேன்:
உள்ளே வடிகட்டி அடுப்புக்குழாய் போலக் கறுத்திருந்தது.
மாற்ற வேண்டும் என்றேன்.
விலை கேட்டாள். சொன்னேன்.
எத்தனை மூட்டைக் கரிக்கட்டி என்று
உதடசையாமல் பெருக்கிப் பார்த்து
பையனின் தொப்பிக் கயிற்றை இறுக்கினாள்.