ஒரு பத்தி அகலம்

சவரிராயன் ஆடி நான் பார்த்ததே இல்லை.
ஜாலான் புசார் திடலில் அவன் ஆடும் நேரமெல்லாம்
சிலிகி ரோட்டு அச்சுக்கூடத்தில்
வெங்காய விலை கோத்துக்கொண்டிருப்பேன்.

ஏழு மணிக்குத் தொலைபேசி அடிக்கும்.
துணையாசிரியர் காதில் வைத்தபடியே கத்துவார்:
துறைமுகம் இரண்டு, போலீஸ் ஒன்று.
பிறகு பெயர்கள்.
கோல் போட்டவன் பெயர் முதலில்.
தடுத்தவன் பெயர், இடம் மிஞ்சினால்.

மிஞ்சாது.
பத்தி அகலம் இரண்டேகால் அங்குலம்.
அதனால் அவனை வெட்டினேன்:
நாற்பத்தொன்பதில் சவரிராயன்,
ஐம்பதில் சவரிராய்,
ஐம்பத்திரண்டில், பினாங்குக்காரர்களை
ஒரு கோலும் போடவிடாமல் அடைத்த அன்று,
சவரி.
ஆங்கிலப் பத்திரிகையில் சேவியர் ஆகியிருந்தான்.
புகார் ஏதும் வரவில்லை.

பகலில் கெப்பல் துறையில்
ரப்பர்க் கட்டு எண்ணும் வேலை.
ஆட்டத்துக்கு ஐந்து வெள்ளி,
அதுவும் பஸ் செலவு என்று கணக்கெழுதி.
பூட்ஸ் தைக்கும் கூலி அவன் பாடு.
இதெல்லாம் பின்னால் தெரிந்தது.

ஐம்பத்தாறு, இறுதியாட்டம்.
மழையில் லைன் கிடைக்கவில்லை,
ஒன்பது மணிக்குத்தான் அடித்தது.
ஒன்றுக்குப் பூஜ்யம். தோல்வி.
எண்பத்தெட்டாம் நிமிடம், சொந்த கோல்.
துணையாசிரியர் ரிசீவரைப் பொத்திக்கொண்டு சொன்னார்:
பெயர் வேண்டாம்ப்பா.
தடுப்பாட்டக்காரர் ஒருவர் என்று போடு.

பாரத்தை முடுக்கிக்கொண்டிருந்தபோது
வாசலில் ஓர் ஆள்.
முழங்காலில் காய்ந்த சேறு,
கையில் பூட்ஸ்,
தரை அழுக்காகுமென்று உள்ளே வரவில்லை.
நான் நினைத்ததைவிடக் குள்ளம்.

என் பேரை விட்டுடப் போறீங்கன்னு
உங்க நிருபர் சொன்னாரு.
விட்டா எல்லாரும் கோலியைச் சொல்லுவாங்க.
பாவம், புதுப் பையன்.
நான் அடிச்சதுதான். முழுசாப் போடுங்க.

மணி பத்தே முக்கால். பாரத்தைத் தளர்த்தினேன்.
ஒரு வரி இடம் வேண்டியிருந்தது;
காலாங் பக்கம் தண்ணீர் நிற்கும் அறிவிப்பில்
தேதியை எடுத்தேன்.
ச வ ரி ரா ய ன்.
இடவலம் மாறி நிற்கும் ஈயத்தை
கழுத்தை நீட்டிப் பார்த்தான்.
படிக்க முடிந்ததோ என்னவோ,
தலையை ஆட்டிவிட்டு மழையில் இறங்கினான்.

என் கணக்குப்படி
பன்னிரண்டு வருடம், எண்பத்தேழு ஆட்டம்,
கோல் ஒன்று,
அது எதிராளி வரவில்.
அறுபத்தொன்றில் முழங்கால் போயிற்று.
நான்கு வரி போட்டோம், ஒரு பிழையோடு.
பிழை என்னுடையது.

சொல்ல வந்தது அந்த இரவைத்தான்.
அச்சு ஓடி முடிந்ததும் எழுத்துகளைப் பிரித்தேன்.
ச அதன் குழிக்கு, வ அதன் குழிக்கு,
ரி, ய, ன்.
ராவின் கால் தேய்ந்திருந்தது.
உருக்கப் போட வேண்டியது,
போடவில்லை.
திங்கட்கிழமை இறால் விலையில்
அது நொண்டிக்கொண்டு நின்றது.