பொருளின் விவரம்

செட்டியார் தெருவில் மழை.
மூன்று மணிக்கே விளக்குப் போட்ட கடை.
ரலீன் கிச்சிலான், ஜாவா லேன்,
கைக்குட்டை முடிச்சை அவிழ்க்கிறாள்:
அலகில்லாத கிரிஸ், பிடி மட்டும்.
"கத்தியோடு பஸ்ஸில் வர ஏலுமா?"
அலகு வீட்டில், அலுமாரிக்குள்,
தலையில்லாமல் படுத்திருக்கிறதாம்.

எனக்கு வேண்டியது கழுத்து.
பிடியும் அலகும் சேருகிற இடத்தில்
ஒரு விரல் அகலப் பொன் வளையம்.
உரைத்துப் பார்த்தேன். இருபது காரட் தேறும்.
கழற்றாமல் நிறுக்க முடியாது,
கழற்ற அவள் விடமாட்டாள்.
சரி, கண்மதிப்பு.

அடைவுத் துண்டில் ஒரு கட்டம்: பொருளின் விவரம்.
காப்பு, அட்டியல், தாலிக்கொடி என்று
பதினொரு வருடமாய் யோசிக்காமல் நிரப்பிய கை
அந்தக் கட்டத்தின் மேல் நின்றது.

மரத்தில் குந்தியிருக்கிறான் ஒருவன்.
முழி பிதுங்கி, கோரைப்பல் இரண்டு, காதில் குண்டலம்.
அரக்கன் என்று எழுதினேன்.
"அரக்கன் இல்லை" என்றாள்,
தலைகீழாகவே வாசித்து.
"பிறகு யார்?"
"தெரியாது. ஆனால் அரக்கன் இல்லை."

பூதக்கண்ணாடியைக் கண்ணில் செருகினேன்.
இடுப்பில் சதுரங்கக் கட்டம் போட்ட துணி,
ஒரு கட்டம் குழி, ஒரு கட்டம் மேடு.
வலக்கைப் பெருவிரலில் நகம்
வாள்போல நீண்டு.
இந்த நகமும் இந்தத் துணியும்
பாலித் தீவில் காற்றின் குடும்பத்துக்கே உரியவை என்று
பழம்பொருள் தேடி வந்த ஒல்லாந்துக்காரர் ஒருவர்
இதே முக்காலியில் இருந்து சொல்லியிருந்தார்.
(ஒன்றும் வாங்கவில்லை. தேத்தண்ணீர் இரண்டு குடித்தார்.)

அப்படியானால் வீமன்.
வீமன் என்றால் கதை எங்கே?
அனுமன் என்றால் வால்?
முதுகுக்குப் பின்னால் ஒரு மொட்டை,
ஒடிந்த வாலோ துணியின் முடிச்சோ.
தகப்பன், வாயுவே என்றால்
கையில் அமுதச் செம்பு இருக்கவேண்டும்.
கை இருந்தது. கையில் ஏதோ இருந்தது,
கொட்டைப்பாக்களவில், வழவழவென்று.

செம்பைத் தேய்த்தவர் யார்?
பிடித்தவர்கள்தான்.
வெள்ளைக்காரன் பட்டாளத்தில் இருந்த ஒரு கிச்சிலான்.
அவருக்கு முன் கப்பலில் விலங்கோடு வந்த யாரோ.
பிறகு, கலியாணப் படத்துக்காக
அரைமணி நேரம் இடுப்பில் செருகிய மாப்பிள்ளைகள்,
வியர்த்த கையோடு.
இறுகப் பிடித்தவனே முகத்தையும் அழித்திருக்கிறான்.
கோட்டில் இது
சாட்சியைக் கலைத்த குற்றம்.

பக்கத்து மேசைப் பத்தர் எட்டிப் பார்த்து
"வீரபத்திரர்" என்றார், ஒரே மூச்சில்.
பல் தெரிந்தால் எல்லாரும் அவருக்கு வீரபத்திரர்.
முதலாளி உள்ளிருந்து, "கல் ஏதும் இருக்கா?"
"கண் இருந்த இடத்தில் குழி இருக்கு."

"வீட்டில் எப்படிக் கூப்பிடுவீர்கள்?"
முதல் தடவையாகச் சிரித்தாள்.
"டெமாம். காய்ச்சல்காரன்.
பாருங்கள், குளிருக்குக் குந்தியிருக்கிற மாதிரி.
நாங்கள் உருவம் வைக்கிற ஆட்கள் இல்லையே.
காய்ச்சல்காரன் என்றால்
வீட்டில் வைத்திருக்கலாம்தானே."

கதிரேசன் கோவில் மணி அடித்து ஓய்ந்தது.
ஒருமுறை பிடித்துக் காட்டச் சொன்னேன்.
பிடித்தாள்.
வீமன், அனுமன், வாயு, காய்ச்சல், எல்லாம்
ஒரு கைக்குள் போய்விட்டன.
சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில்
ஒரு பல் மட்டும்.

அரக்கனை அடித்துவிட்டு எழுதினேன்:
பிடி ஒன்று, மரம், பொன் வளையத்துடன்.
உருவம்: காற்று வீட்டு ஆள். சுகமில்லை.
முதலாளி வாசிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

காசை இரண்டு தரம் எண்ணினாள்.
"மூன்று மாதம்" என்றாள்,
என்னிடமா அவனிடமா தெரியவில்லை.
இரும்புப் பெட்டியில் படுக்கவைக்க மனம் வராமல்
இரண்டு தாலிக்கொடிக்கும்
யாரோ பிள்ளையின் அரைஞாணுக்கும் நடுவே
குந்தவைத்தேன்.
சுற்றி வைக்க அந்தக் கைக்குட்டையைக் கேட்டேன்.
தரவில்லை.
மழைக்குத் தலையில் போட்டுக்கொண்டு
இறங்கிப் போனாள்.