கிட்டங்கியில் தண்ணி

கடைசியாக நான் தனியாக இருந்தது
பல்லுப் பிடுங்கிய கதிரையில்.
வாய் விறைத்து, முகத்துக்கு நேரே விளக்கு,
யாரும் என்னிடம் ஒன்றும் கேட்க முடியாத
இருபது நிமிடம்.
நொந்தது என்று எல்லோரிடமும் சொன்னேன்.
நோகவில்லை.

அதற்குப் பிறகு மூன்று வருடம்.
குளியலறைக் கதவின் கீழால் விரல்கள் நுழையும்.
அம்மா, என்ர மற்றச் சொக்ஸ் எங்க?
அம்மா, தம்பி என்னைப் பாக்கிறான்.
தலை நிறைய நுரையோடு நின்று
ஏழாம் வாய்ப்பாடு கேட்டிருக்கிறேன்.

எனக்கென்று ஒரு கொப்பி இருந்தது.
நீல மட்டை, எண்பது தாள்.
முதல் ஆறு பக்கம் நான் எழுதியவை.
ஏழிலிருந்து பால்மா, தடுப்பூசித் திகதி, சீட்டுக்காசு.
பதினெட்டாம் பக்கம் முழுக்க
யதுஷாவின் யானைகள்,
ஒன்றுக்கு ஐந்து கால்.

கார்த்திகையில் ஆறு வீதிக்கு ஏறியது.
கிட்டங்கியில் முழங்காலுக்கு மேல் தண்ணி.
இந்தப் பக்கம் நாவிதன்வெளியில் என் கந்தோர்,
அந்தப் பக்கம் சேனைக்குடியிருப்புக் கடையடியில் என் ஸ்கூட்டி,
நடுவில் ஒரேயொரு மிசின்
பெட்டி நிறைய ஆட்களோடு
போய் வந்து போய் வந்து.
முதல் நாள் முண்டியடித்து ஏறினேன்.
இரண்டாம் நாளும்.
மூன்றாம் நாள், ஏறிவிட்ட ஜெஸீமா
மேலிருந்து கை நீட்டினாள்.
"இடம் இரிக்கி, ஏறுங்க."

என் கை எழும்பவில்லை.
"நீங்க போங்க. மறுகா வாறன்."

அந்த வாய் யாருடையதென்று
நானே ஒருதரம் திரும்பிப் பார்த்தேன்.
வீட்டுக்கு எடுத்தேன்:
தண்ணி கூட, மிசின் இல்ல, சுணங்கும்.
வைத்துவிட்டேன்.

பிறகு என்ன செய்வதென்று தெரியவில்லை.
சும்மா இருக்கவும் பழக்கம் வேண்டும்.
கைப்பையின் சிப்பைத் திறந்தேன், மூடினேன்.
நாளைக்கு வெள்ளிக்கிழமை, மரக்கறி, என்று
மனம் தன்பாட்டில் போய் அடுப்படியில் நின்றது.
காதைப் பிடித்து இழுத்து வந்து
கல்லில் இருத்தினேன்.

காலை அவசரத்தில் பெட்டி மாறி
பாரை மீனின் நடுத்துண்டு எனக்கு வந்திருந்தது.
மத்தியானம் தின்ன மனமில்லாமல்
மகனுக்கென்று வைத்தது.
தின்றேன்.
முள்ளைக்கூடச் சப்பினேன்.

கம்பி வேலிக் கட்டையில் ஒரு நீர்க்காகம்
இரண்டு சிறகையும் விரித்துக் காயப்போட்டபடி.
அதனிடம் யாரும்
இன்றைக்கு என்ன கறி என்று கேட்கவில்லை.

ஆற்றுவாழை கூட்டம் கூட்டமாய் ஒதுங்கி
மதகில் முட்டி நின்றது, ஊதாப் பூவோடு.
பார்த்துக்கொண்டே இருந்தேன்.
எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை.
பாவிக்காத வாழ்வாதார விண்ணப்பம் ஒன்றின்
பின்பக்கம் வெறுமையாக இருந்தது.
எழுதினேன், வெட்டினேன், எழுதினேன்.
மிஞ்சியது ஒரு வரி:
*ஆற்றுவாழைக்கும் வேர் உண்டு, நிலம்தான் இல்லை.*
நல்ல வரியோ தெரியாது.
அதை எழுதும்போது
இடையில் ஒருவரும் கூப்பிடவில்லை.

"அக்கா, இதுதான் கடைசி ட்ரிப்" என்றான் பொடியன்.
ஏறினேன்.
வீட்டில் சோறு குழைந்திருந்தது,
வைத்தவர் அதைப்பற்றிப் பேசவில்லை.
பிள்ளைகள் இருவரும் உயிரோடு இருந்தார்கள்.

தண்ணி வற்றிவிட்டது.
தை போய், மாசி போய்,
வீதியில் புழுதி.
இன்றைக்கும் அந்த மதகடியில்
ஸ்கூட்டியை நிறுத்தியிருக்கிறேன்.
ஹெல்மெட்டைக் கழற்றி,
நீலக் கொப்பியை மடியில் வைத்து,
போனை எடுத்தேன்.

"கிட்டங்கியில தண்ணி, மகள். சுணங்கும்."

"பங்குனி மாசத்திலயாம்மா?"

"ஓம். பங்குனி மாசத்திலதான்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பின்னால் தம்பி எதையோ உடைக்கும் ஓசை.

"எவ்வளவு தண்ணி?"

"கணுக்கால் மட்டும்."

"அப்ப கடக்கலாம்தானே?"

"கடக்கலாம்" என்றேன்
பேனை மூடியைப் பல்லால் கழற்றியபடி.